பத்து நாள் பிழை

குரலை வைத்துத்தானே கண்டுபிடித்தீர்கள்? எல்லோரும் அப்படித்தான். கண்டக்டரிடம் "அந்தோணியார்புரம் ஒண்ணு" என்று நான் கேட்டதுமே திரும்பிப் பார்த்தீர்கள். முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும். பரவாயில்லை, ரேடியோவில் நான் கொஞ்சம் ஒல்லி.

ஆமாம், நான்தான் செபஸ்தியம்மாள். உப்புக்காற்று வானொலியில் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு 'செபஸ்தி அக்கா கேட்கிறாங்க'. விஞ்ஞானிகளை உட்காரவைத்து, அவர்கள் என்ன ஆராய்ச்சி பண்ணுகிறார்கள் என்று நம் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி கேட்பது. இப்போது ஏன் என் குரல் வருவதில்லை என்று கேட்டீர்களே, சொல்கிறேன். நான் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. உங்களுக்கும் ராமேஸ்வரம் வரை வேறு வேலை இல்லை.

நான் படித்தது எட்டாவது. அதிலும் முழுப்பரீட்சை அன்று காய்ச்சல். அப்படிப்பட்டவளை ஏன் பிடித்தார்கள் என்றால், அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் கூடி ஜெபம் சொல்கிற இடத்துக்கு ஒருநாள் வானொலி நடத்துகிற ரூபன் தம்பி வந்தார். சமுதாய வானொலி என்றால் என்ன என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, "யாருக்காவது புரியலையா?" என்று கேட்டார். நாற்பது பேர் இருந்தோம். நான் ஒருத்திதான் கையைத் தூக்கினேன். "இவங்கதான் எனக்கு வேணும்" என்றார்.

என் தைரியத்துக்குத்தான் தேர்ந்தெடுத்தார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவரே ஒருநாள், "அக்கா, உங்களுக்குப் புரிஞ்சிருச்சுன்னா ஊர்ல எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரி" என்றார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் "சரிம்மா, சந்தோஷம்" என்றான். பக்கத்தில் மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. டிவியில் ஏதோ பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

முதலில் வந்தவர் கடல்புல் ஆராய்ச்சி செய்கிறவர். பெரிய மீசை. "கடலுக்கு அடியில புல்வெளியே இருக்கும்மா" என்றார். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "அதை மாடு திங்குமா சார்?" என்று கேட்டுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரூபன் தம்பி தலையில் கைவைத்தார். அந்த மனுஷன் கொஞ்சமும் சிரிக்காமல், "மாடு திங்காது. கடல்பசு திங்கும்" என்றார். அரை மணி நேரமும் கடல்பசுவிலேயே போய்விட்டது. மறுநாள் மீன் ஏலக்கூடத்தில் எல்லாரும் கடல்பசுவைப் பற்றித்தான் பேசினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படித்தான் என் பிழைப்பு ஓடியது. அவர்கள் பேசப் பேச நான் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பேன். ரேடியோவில் தலையாட்டினால் யாருக்குக் கேட்கும்? "வாயால 'ம்' சொல்லுங்கக்கா" என்றார் ரூபன் தம்பி. சொன்னேன். ஒரு பேட்டியில் நாற்பத்து மூன்று 'ம்' இருந்ததாம், எண்ணிப் பார்த்துவிட்டு, "பிரசவ வார்டு மாதிரி இருக்கு, குறைச்சுக்குங்க" என்றார். பேட்டிக்கு முன்னால் கண்ணை மூடி ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொள்வேன். வந்திருக்கிறவர்கள் நான் கேள்விகளை மனப்பாடம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள்.

ஆறு மாதத்தில் ஒரு ஆபத்து வந்தது. எனக்குப் புரிய ஆரம்பித்தது.

ஒருத்தர் தண்ணீர் சூடானால் மீன் ஏன் மேலே வந்து வாயைத் திறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்காமல், "சூடு கூடினா தண்ணியில கரைஞ்ச காத்து குறைஞ்சு போகும்ல சார்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ரூபன் தம்பி மட்டும் பதிவை நிறுத்தினார். "அக்கா, உங்களுக்கே எல்லாம் தெரிய ஆரம்பிச்சா நான் வேற அக்கா தேடணும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் வெளியூர் போய், வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு, என்னிடம் ஆள் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுகிற இடம் அது ஒன்றுதான். அன்றிலிருந்து தெரிந்ததையும் தெரியாத மாதிரியே கேட்கப் பழகிக்கொண்டேன். "அப்படின்னா என்ன சார்?" ஆண்டவர் மன்னிக்கட்டும், அந்த ஒரு வரியை அத்தனை அழகாகச் சொல்வேன்.

கம்ப்யூட்டரில் வெட்டவும் பழகினேன். பேசினது ஒரு கோடாக, மேடும் பள்ளமுமாகத் திரையில் ஓடும். இருமல், தும்மல், "அது வந்து… அது வந்து" எல்லாவற்றையும் மவுஸால் நிழலடித்து, அழிக்கிற பொத்தானை அழுத்தினால் போச்சு. வெட்டின இடம் தெரியாமல் ஒட்டுவேன். மூச்சுச் சத்தத்தைக்கூடச் சரியாகப் பொருத்திவிடுவேன். வாழைக்காய் பொடிப்பொடியாக அரிகிற கை, அதனால் வந்ததோ என்னவோ.

இப்படி மூன்றாம் வருஷம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வான்மதி வந்தாள். டாக்டர் வான்மதி, ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தர்மபுரிப் பக்கம். கடலை முதன்முதலில் பார்த்ததே காலேஜில் சேர்ந்த பிறகுதானாம். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, வேலையும் இன்னும் நிரந்தரமில்லை, வருஷா வருஷம் நீட்டிக் கொடுக்கிற வேலை. இதெல்லாம் பேட்டியில் கேட்டதில்லை. அதற்கு முன்னால் டீ குடிக்கும்போதே கேட்டுவிட்டேன்.

அவள் ஆராய்ச்சி எங்கள் பெண்கள் வளர்க்கிற கடல்பாசி. நீங்கள் கடலோர ஊர்க்காரர் இல்லை போலிருக்கிறது, பார்த்திருக்க மாட்டீர்கள். மூங்கிலைச் சதுரமாகக் கட்டித் தெப்பம் செய்து, அதில் கயிறு கயிறாக விதைப்பாசியைக் கட்டிக் கடலில் மிதக்கவிடுவோம். நாற்பத்தைந்து நாளில் நாலு மடங்காகும். அறுத்து, அதிலேயே கொஞ்சத்தை அடுத்த நடவுக்கு விதையாக வைத்துக்கொள்வோம். கோடையில் தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் சூடானால் எல்லாம் வெளுத்துக் கஞ்சி மாதிரி கரைந்துவிடும். விதையும் சேர்ந்து போய்விடும். சூடு தாங்குகிற பாசி எது என்று கண்டுபிடிக்கத்தான் வான்மதி எங்கள் ஊர்க் கமிட்டியிடம் கேட்டு எங்கள் கடலில் நாலு தெப்பம் போட்டிருந்தாள். ஜூன் கடைசி வரை, கோடை முழுக்க அது கடலில் கிடந்தால்தான் எது தாங்கும் என்று தெரியும். இரண்டு வருஷ உழைப்பு.

பேட்டி மார்ச் மாதம். கடைசி நடவு போடலாமா வேண்டாமா என்று எங்கள் பெண்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரம். என் கொழுந்தியாள் பிலோமினாதான், வீட்டுக்காரருடைய தங்கை, என்னைத் துளைத்தாள். "மதினி, அந்தப் பொண்ணுகிட்ட வளவளன்னு பேசாம தேதியைக் கேளு. எப்ப தண்ணி சூடாகும்னு தேதியைக் கேளு."

கேட்டேன். வான்மதி ரொம்ப அழகாகச் சொன்னாள். பத்து வருஷத்து வெயிலையும் கடலையும் வைத்துக் கணக்குப் போட்டதில் மே மாதம் பன்னிரண்டாம் தேதி வாக்கில் சூடு எல்லையைத் தாண்டும் என்றாள். சொல்லிவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கி, "ஆனா அக்கா, என் கணக்குல பத்து நாள் பிழை இருக்கு. முன்னாடியும் வரலாம், பின்னாடியும் வரலாம். அதையும் சேர்த்தே எடுத்துக்கணும்" என்றாள்.

எனக்குத் திக்கென்றது.

எங்கள் வீட்டில் பிழை என்றால் ஒரே அர்த்தம்தான். கோயிலில் 'என் பிழையே, என் பிழையே' என்று நெஞ்சில் தட்டிக்கொண்டு சொல்கிறது. அதைச் சாமியார் காதில் சொல்வோம், மைக்கில் சொல்வோமா? வேலை நிரந்தரமில்லாத பிள்ளை, வரன் பார்க்கிற பிள்ளை, 'என் கணக்குல பிழை இருக்கு' என்று அவள் வாயாலேயே பதினாறு ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் என்ன ஆகிறது? மேலதிகாரி கேட்டால்? என் மகள் அப்படிப் பேசியிருந்தால் நான் வாயைப் பொத்தியிருப்பேன்.

அந்த வாரம் ரூபன் தம்பி அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார், வெட்டி ஒட்டுகிற வேலை என் தலையில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "ஆண்டவரே, இதை எடுக்கலாமா கூடாதா, சொல்லும்" என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. சரி, மறுப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன். பதினோரு வினாடி. நிழலடித்து அழுத்தினேன். மூச்சு வாங்கின இடத்தில் ஒட்டினேன். கேட்டால் தேன் மாதிரி இருந்தது. வெட்டின துண்டையும், இடத்தை அடைக்கும் என்று அழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பேட்டி ஒலிபரப்பானது. பிலோமினா வீட்டுக்கே வந்து, "இன்னிக்குத்தான் மதினி ஒழுங்கா ஒரு பேட்டி எடுத்த. மே பன்னெண்டு. பட்டுன்னு சொல்லிருச்சு" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டினது அது ஒன்றுதான். அந்த வாரமே எல்லோரும் கடைசி நடவு போட்டார்கள். மே ஐந்தாம் தேதி அறுத்துக்கொள்ளலாம், ஒரு வாரம் மிச்சமிருக்கிறதே என்று பிலோமினா விதைக்குக்கூட எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் கட்டினாள்.

வான்மதி அன்று தர்மபுரியில் இருந்தாள், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஒலிபரப்பைக் கேட்கவில்லை. வந்து நடவைப் பார்த்தவள், பத்து நாள் முன்னாலேயே அறுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். சொன்னவளாயிற்றே.

மே இரண்டாம் தேதி தண்ணீர் கொதித்தது. பன்னிரண்டில் பத்துப் போனால் இரண்டு. அந்தப் பிள்ளையின் பிழைகூடப் பிழையில்லாமல் வந்தது.

மூன்றே நாளில் எங்கள் பெண்களுடைய இருபத்திரண்டு தெப்பமும் வெறும் கயிறு. பிலோமினா இடுப்பளவு தண்ணீரில் நின்று, கயிற்றைக் கையால் உருவி உருவிப் பார்த்தாள். வழவழவென்று வெள்ளையாகக் கையோடு வந்தது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வான்மதி என் வீட்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா, நான் தேதியை மட்டும் சொன்னேன்னு சொல்றாங்க. பிழையையும் சேர்த்துச் சொன்னேன்ல? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு என்னம்மா தெரியும், நான் எட்டாவது" என்றேன்.

அவள் "சரிக்கா" என்று எழுந்து போய்விட்டாள். கொடுத்த டீயைக் குடிக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? "ஒருத்தர் பிழையை மறைச்சிட்டேன் சாமி" என்றேன். இளம் சாமியார், "நல்ல மனசோட செஞ்சிருப்பீங்கம்மா" என்று ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். அங்கேயும் பாதியை வெட்டித்தான் சொல்லியிருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒன்றுக்கு மூன்று ஜெபமாலை சொன்னேன். மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கோயில் பந்தலில் கூட்டம். வான்மதியின் நாலு தெப்பத்தையும் அன்றைக்கே கழற்றச் சொல்வதென்று ஏற்கெனவே பேசிவைத்திருந்தார்கள். கமிட்டித் தலைவர் சந்தியாகு மட்டும், நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவளை வரச்சொல்லியிருந்தார்.

"தேதி சொன்னியாம்மா இல்லையா?"

"சொன்னேங்க. பத்து நாள் பிழைன்னும் சொன்னேன்."

"பாசி கரைஞ்ச பிறகு சொல்றியாக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

அப்போது யாரோ, "செபஸ்தியக்கா பக்கத்துல இருந்துச்சுல்ல, அதைக் கேளுங்க. அது பொய் சொல்லாது" என்றார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வான்மதி மட்டும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பதில்தான் அவளுக்கு ஏற்கெனவே தெரியுமே.

எழுந்தேன். "அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான்தான் வெட்டினேன்."

என்னை அடித்தாலும் பரவாயில்லை என்று நின்றேன். என்ன நடந்தது தெரியுமா? யாரும் நம்பவில்லை. "உனக்கு என்ன தெரியும்க்கா, மெஷின்ல கை பட்டிருக்கும்" என்றாள் ஒருத்தி. "பாவம், அந்தப் பொண்ணு ஆபீஸ்ல சொல்லிக்குடுத்து நிக்க வச்சிருக்காங்க, அது விவரம் இல்லாத மனுஷி" என்றார் ஒருவர். சந்தியாகு அன்பாக, "உக்காருங்க அக்கா, உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

இதைவிட அவமானம் உண்டா சொல்லுங்கள். மூன்று வருஷமாக ஒன்றும் தெரியாதவள், ஒன்றும் தெரியாதவள் என்று நானே ரேடியோவில் தமுக்கடித்திருக்கிறேன். இப்போது குற்றம் செய்தேன் என்று சொன்னால், அதற்கும் உனக்கு அறிவு பத்தாது என்கிறார்கள். நான் உட்கார்ந்தால் தெப்பம் போச்சு. அப்படியே நின்றேன்.

"பிலோமினா, உன் மூத்தவனுக்கு டாக்டரம்மா என்ன தேதி குடுத்தாங்க?"

"இப்ப எதுக்கு மதினி அது?"

"சொல்லு."

"பதினெட்டு."

"எப்ப பொறந்தான்?"

"ஒம்பது."

"டாக்டரம்மா பொய் சொன்னாங்களா?"

"அது எப்படிப் பொய்யாகும்? முன்ன பின்ன ஆகும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நான் ஒண்ணாந்தேதியே பையைக் கட்டி வச்சிட்டேன்."

"அந்த முன்ன பின்னதான் பிழை. இந்தப் பொண்ணும் சொல்லுச்சு, பத்து நாள் முன்னாடியும் வரலாம், பின்னாடியும் வரலாம்னு. கெட்ட பேர் வந்துரும்னு நான் எடுத்துட்டேன். எடுக்காம இருந்திருந்தா நீ ஏப்ரல் கடைசியிலயே அறுத்திருப்ப."

சந்தியாகு தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பிலோமினா எழுந்து என் முன்னால் வந்தாள். "இவ்வளவு விவரமாச் சொல்ற. அப்ப தெரிஞ்சுதான் வெட்டுனியா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் புரிந்தது என்று சொல்லியிருந்தால் பாதி உண்மையாவது இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், 'முன்னாடியும் வரலாம், பின்னாடியும் வரலாம்' என்று அந்தப் பிள்ளை தமிழில்தானே சொன்னாள்? அது புரியாத அளவுக்கு எட்டாவது வகுப்பு மோசமில்லை. காதில் விழுந்தது. விழுந்ததை நான் நின்று கேட்கவில்லை. பேட்டி தேன் மாதிரி வரவேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. இதற்கெல்லாம் அங்கே நின்று கணக்குப் போட முடியுமா?

"தெரியும்" என்றேன்.

அது பொய்யா உண்மையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிலோமினா என்னைத் திட்டினாள் பாருங்கள், கோயில் வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை. அண்ணன் செத்ததிலிருந்து உன்னைக் குழந்தை மாதிரி நினைச்சேனே என்று ஆரம்பித்து, எங்கள் கல்யாணத்தில் நான் கொண்டுவந்த பித்தளைக் குடம் ஓட்டை என்பது வரை வந்துவிட்டாள். திட்டி முடித்து, "இந்தப் பொண்ணு தெப்பம் கிடக்கட்டும்" என்று சந்தியாகுவிடம் சொல்லிவிட்டுப் போனாள். பாசி போனது அவளுக்குத்தான் அதிகம். அவள் சொன்ன பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

ரூபன் தம்பி மறுநாள் வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க கேட்டா இனிமே ஜனங்க எதை வெட்டினீங்கன்னுதான் யோசிப்பாங்க" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. மத்தியானம் கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான். மகனுக்குப் போன் போட்டு, விவரம் தெரிஞ்சு போச்சுன்னு என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்கடா என்றேன். இந்தத் தடவை அவனே சிரித்துவிட்டான்.

வான்மதி எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, "அக்கா, காலையில தெப்பத்தைக் கழுவ ஆள் வேணும், வர்றீங்களா?" என்று கேட்டாள். போனேன். கயிற்றில் சேறு படியாமல் தினமும் அலசிவிட வேண்டும். பேசிக்கொள்ள மாட்டோம். கேள்வி கேட்க வாய் துறுதுறுவென்று வரும், அடக்கிக்கொள்வேன்.

ஜூன் கடைசியில் தெப்பத்தைத் தூக்கினார்கள். பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பிலோமினாவும் வந்தாள். பந்தலில் திட்டினதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கடையில் எதிரே பார்த்தால்கூடப் பருப்பு டப்பாவைப் பார்ப்பாள்.

எண்பது கயிற்றில் மூன்று கயிறு. மற்றதெல்லாம் வெறுமை. அந்த மூன்றில் மட்டும் பாசி கருஞ்சிவப்பாக, விரல் தடிமனில் தொங்கியது. பெண்கள் கசமுசவென்று பேச ஆரம்பித்தார்கள்.

"அப்ப இது சூடு தாங்கும்னு வச்சுக்கலாமா?" என்று பிலோமினா கேட்டாள். என்னிடம் இல்லை, நேராக அவளிடம்.

"இப்பவே சொல்ல மாட்டேங்க. ஒரு கோடையை வச்சுச் சொன்னா பிழை ரொம்ப இருக்கும். இன்னும் ரெண்டு கோடை பார்க்கணும்."

"பாரு. தெப்பத்தை நாங்க பார்த்துக்கிறோம்" என்றாள் பிலோமினா. "ரேடியோல சொல்றதா இருந்தா நீயே போய்ச் சொல்லு. ஆள் வைக்காத."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அந்த மூன்று கயிற்றையும் வேறு தெப்பத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு முனையை வான்மதி பிடித்தாள், அவள் தோளளவு தண்ணீரில் இருந்தாள். இன்னொரு முனைக்கு ஆள் வேண்டும். யாரும் என்னைச் சொல்லவில்லை. நானே போய்ப் பிடித்தேன். பாசி கனம், ஈரத்தில் கை வழுக்கியது. முதல் கயிறு தண்ணீரில் தொய்ந்து இழுபட்டது.

பிலோமினா பக்கத்தில் வந்து நின்றாள். அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முழுசாத் தூக்கு மதினி. பாதியில விட்றாத."

கயிற்றைத்தான் சொன்னாள். நான் தூக்கிப் பிடித்தேன்.